நல்ல யெர்பா மாத்தேயை எப்படி இனங்காண்பது?

தென்னமெரிக்காவில் காய்ந்த இலைத்துணுக்குகளின்மேல் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் யெர்பா மாத்தேயை முதன்முறை குடித்தபோது கசப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்றும், நல்ல இலையையும் மட்டமான இலையையும் எப்படிப் பிரித்தறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில், பரானா ஆற்றங்கரையில் இருக்கும் பொசாதாஸ் நகரில் வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தேன்; அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம் இன்றுவரை விடவில்லை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

மாத்தேயை முதல் மிடறை வைத்து எடைபோடக் கூடாது. தேநீர் என்றால் ஒருமுறை இறக்கி வடிகட்டியதோடு கதை முடிந்துவிடும். மாத்தேயிலோ குடுவைக்குள் கிடக்கும் அதே இலையின்மேல் பதினைந்து, இருபது முறை வெந்நீர் ஊற்றி, பொம்பிஷா என்னும் உலோக உறிஞ்சுகுழலால் உறிஞ்சிக் குடிக்கிறோம். ஆகவே, ஒரு குவளை எப்படி இருக்கிறது என்பதைவிட, முதல் ஈட்டிலிருந்து (ஒருமுறை நீர் ஊற்றிக் குடிப்பது ஓர் ஈடு) கடைசி ஈடுவரை அந்த இலையின் சுவை எப்படி இறங்கி வருகிறது என்பதே கவனிக்க வேண்டியது. முதல் இரண்டு ஈடுகள் எந்த இலையிலும் கடுமையாகத்தான் இருக்கும். அங்கே ஊற்றிக் கொடுப்பவரே முதல் ஈட்டைத் தாம் குடித்துவிட்டு, இரண்டாவதிலிருந்துதான் மற்றவர்களுக்கு நீட்டுவார்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. புதிய பொட்டலம் ஒன்றைப் பிரித்தால், அதை நேராகக் குடுவையில் கொட்டமாட்டார். ஒரு கைப்பிடியை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிச் சன்னல் ஓரமாகக் கொண்டுபோவார். இலைத்துணுக்கு, காம்புத் துண்டு, தூள் ஆகிய மூன்றையும் விரல் நுனியால் ஒதுக்கிப் பார்ப்பார். காம்பை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும்; வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். இலையில் கருகிய புள்ளிகள் அதிகமாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். அந்தக் கருகலுக்குக் காரணம் பதப்படுத்தும் முறையில் இருக்கிறது. பறித்த இலையை 24 மணி நேரத்துக்குள் சில நொடிகள் தீ நாக்கில் வாட்டி எடுக்கிறார்கள். இதற்குச் சப்பெக்காதோ என்று பெயர். இலையிலுள்ள நொதிகள் அடங்கி, அது கறுத்துப் போகாமல் பச்சை நிறத்தைக் காப்பாற்றுவது இந்த வாட்டலால்தான். ஒரு கணம் கூடிவிட்டால் கருகிய வாடை கடைசி ஈடுவரை கூடவே வரும்.

வாட்டிய இலையை உலர்த்தி, கரடுமுரடாக நொறுக்கி, பிறகு கிடங்கில் ஓய்வெடுக்க விடுகிறார்கள். அர்ஜென்டினாவில் இயல்பான முறையில் 9 மாதம் முதல் 2 ஆண்டுவரை இப்படிக் கிடக்கும். வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் இதையே ஓரிரு மாதங்களில் முடித்துவிடுவதும் உண்டு. பச்சை வாடை தணிந்து, காய்ந்த வைக்கோலும் மரப்பட்டையும் கலந்தாற்போன்ற மணம் வருவது இந்த ஓய்வில்தான். ஓய்வு போதாத இலை, நாக்கின் ஓரங்களில் சுருக்கென்று பிடிக்கும்.

ஆனால் இந்த அளவுகோலை எல்லா நாட்டு இலைக்கும் பொருத்தக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். பிரேசிலின் தென்பகுதியில் ஷிமர்ராவ் என்ற பெயரில் குடிக்கும் மாத்தே ஓய்வே எடுக்காதது. பச்சைப் பசேலென்று, ஏறக்குறைய மாவாக அரைத்திருக்கும். அதில் பச்சிலை வாசம் வீசுவது குறையாகாது. அந்த வாசம் போய் மஞ்சளித்திருந்தால்தான் பழசு. உருகுவே மக்கள் விரும்பும் கனாரியாஸ் போன்ற வணிகப் பெயர்களில் விற்பவற்றுக்கும் இலை பிரேசிலிலிருந்தே வருகிறது. காம்பு மிகக் குறைவு, தூள் அதிகம், கசப்பும் நெடுநேரம் நிற்கும். பராகுவேயில் விறகுப் புகையில் மெல்ல உலர்த்தும் பார்பக்குவா முறை இன்னும் மதிப்போடு இருப்பதால், அந்நாட்டு இலையில் புகைவாசம் ஒரு சிறப்பு. வெயில் காலத்தில் மூலிகைகளை இடித்துப் போட்டு ஐஸ் தண்ணீரில் குடிக்கும் தெரெரே அவர்களுடையது. குவாரனி பழங்குடி மக்களின் பண்பாட்டோடு பிணைந்த அந்தப் பழக்கத்தை யுனெஸ்கோ 2020-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அர்ஜென்டினாவில் 'காம்புடன்' என்று அச்சிட்ட பொட்டலத்தில் 35 சதவீதம்வரை காம்பு இருக்க விதி இடம் தருகிறது. காம்பைக் கலப்படமாக எண்ண வேண்டாம். அது கசப்பை மட்டுப்படுத்தி, பிற்பகுதி ஈடுகளில் இலேசான இனிப்பைத் தருகிறது.

அடுத்து, இலையைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள். பொசாதாஸ் போன முதல் வாரத்தில், விருந்தினருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றிவிட்டேன். வீட்டு உரிமையாளர் ஒரு மிடறு உறிஞ்சினார்; முகம் சுளிக்கவில்லை, குரலும் உயரவில்லை. "இலையைச் சுட்டுவிட்டாய், மகனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடுவையைக் கவிழ்த்துத் தட்டி, புதிதாக நிரப்பத் தொடங்கினார். அன்று அவர் செய்ததைத்தான் இன்றும் அப்படியே செய்கிறேன். குடுவையில் முக்கால் அளவு இலை போட்டு, வாயை உள்ளங்கையால் மூடித் தலைகீழாக்கிக் குலுக்கினால் தூள் மேலே வரும். அது குழலின் துளைகளை அடைக்காது. மெல்லச் சாய்த்து நிமிர்த்தினால் இலை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும். பள்ளத்தில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது விட்டு, அது உறிஞ்சப்படும்வரை பொறுத்து, குழலின் வாயைக் கட்டைவிரலால் மூடியபடி அங்கே செருக வேண்டும். அதன்பின் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரை, குழலை ஒட்டி, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். மேட்டின் உச்சி கடைசிவரை நனையாமல் இருக்க வேண்டும். குழலைப் போட்டுக் கலக்கக் கூடாது. உங்கள் முதல் அனுபவத்தின் கடுங்கசப்புக்குக் கொதிநீரோ கலக்கியதோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு இலைகளை ஒப்பிடுவதாக இருந்தால் சுரைக்குடுவை வேண்டாம். அது முன்பு குடித்தவற்றின் மணத்தைத் தன்னுள் வாங்கி வைத்திருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில், எடை பார்த்து 40 கிராம் வீதம் இலை இட்டு, ஒரே பிளாஸ்க்கிலிருந்து ஊற்றுங்கள். மூன்றாவது ஈட்டில் கசப்பைக் கவனியுங்கள்: விழுங்கியதும் கரைந்து போகிறதா, அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? ஏழாவது, எட்டாவது ஈட்டில் துவர்ப்பும் மணமும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த ஈட்டில் வெறும் வெந்நீராகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையை அங்கே 'லவாதோ', அதாவது கழுவிவிட்டது, என்பார்கள். ஐந்தாறு ஈட்டிலேயே கழுவிவிடும் இலைக்கு நான் மறுமுறை காசு கொடுக்க மாட்டேன். நுரையைப் பார்த்து மயங்க வேண்டாம். இலையிலுள்ள சபோனின் என்னும் நுரைக்கும் பொருளும் தூளின் அளவும் நீர் விழும் வேகமும் சேர்ந்து உண்டாக்குவது அது, தரத்துக்குச் சான்று ஆகாது.

நான் பலமுறை இப்படி ஒப்பிட்ட இரண்டு அர்ஜென்டினா வணிகப் பெயர்களைச் சொல்கிறேன். மிசியோனெஸ் மாநிலத்தின் அப்போஸ்தொலெஸ் ஊரிலிருந்து வரும் ரோசமோந்தே தொடக்கத்தில் முரட்டுத்தனமானது. கசப்பு முன்னே வரும், பின்னாலேயே மெல்லிய புகை வரும், பத்து ஈடு தாண்டியும் சுவையின் கனம் குறையாது. கொர்ரியெந்தெஸ் மாநிலத்தின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தயாரிக்கும் ப்ளாஷாதித்தோ இதற்கு மாறாக மென்மையானது. கசப்பு அளவோடு, காய்ந்த புல்லின் மணத்தோடு, முன்னதாகவே தளர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது ரோசமோந்தே. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ப்ளாஷாதித்தோ; கசப்புக்குப் பின்னால் இருக்கும் மணத்தை நாக்கு பிரித்தறிய அதுவே எளிது.

சூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக வாய்ப்புள்ளது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் வகைப்படுத்தியது; அவ்வளவு சூடில்லாத மாத்தேயை அந்த வகையில் அது சேர்க்கவில்லை. குழல் நீரை நேராகத் தொண்டைக்குக் கொண்டுபோவதால் சூடு நாக்குக்குத் தெரியும் முன்பே உள்ளே போய்விடும். ஆகவே ஊற்றியதும் உறிஞ்சாமல் சற்றுப் பொறுத்துக் குடியுங்கள். ஆறிய நீரில்தான் மணமும் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலாப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருப்பதன் வாசத்தை இந்த இலை வெகு விரைவில் இழுத்துக்கொள்ளும்.