உடம்பு பூரா சிவந்து செதில் உதிருதா? உங்க கேள்விகளுக்கு ஸ்கின் டாக்டர் பதில்

அப்பாவுக்கு 66 வயசு, ரொம்ப வருஷமா சொரியாசிஸ் (தோல் தடிச்சு செதில் உதிர்ற நோய்). ஒருத்தர் குடுத்த பொடில நல்லா கேட்டுச்சு, நிறுத்தினதும் தலைலேர்ந்து கால் வரை சிவந்து தவிடு மாதிரி கொட்டுது. இந்த வெயில்லயும் குளிருதுன்னு போர்த்திக்கறார். என்ன களிம்பு போடலாம்? (கரூர்)

களிம்பெல்லாம் அப்புறம், முதல்ல அட்மிஷன் போடற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. 90 சதவீதத்துக்கு மேல தோல் சிவந்து உரிஞ்சா அது எரித்ரோடெர்மா, எங்க டிபார்ட்மென்ட்ல எமர்ஜென்சின்னு சொல்ற சில விஷயத்துல இது ஒன்னு. தோலுக்கு ரத்தம் தாறுமாறா ஓடி உடம்பு சூடெல்லாம் வெளிய போயிடுது, அதான் அந்த நடுக்கம், கூடவே தண்ணியும் புரோட்டீனும் போகும், கால் வீங்கும், வயசானவங்களுக்கு ஹார்ட் தாங்காம போகலாம், கிருமி வேற ஈஸியா உள்ள பூந்துரும். பொடில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு எனக்கு பலத்த சந்தேகம், சொரியாசிஸ் இருக்கவங்க ஸ்டீராய்டு சாப்பிட்டு படக்குனு நிறுத்தினா இப்படித்தான் கிளம்பும். பொடிய கையோட எடுத்துட்டு போங்க, டாக்டர் திட்டுவார்னு மறைக்காதீங்க (திட்டினா திட்டட்டும்).

தம்பிக்கு வலிப்பு மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம். காய்ச்சல், முகம் வீங்கி உடம்பெல்லாம் சிவப்பு. அம்மைன்னு வேப்பிலை வச்சிருக்கோம், சரிதானே?

சரியில்ல. வலிப்புக்கு தர்ற கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், யூரிக் ஆசிடுக்கு தர்ற அலோபுரினால், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் மாத்திரை இதெல்லாம் சிலருக்கு ஆரம்பிச்சு 2 லேர்ந்து 8 வாரத்துக்குள்ள இப்படி பண்ணும், லிவர் கிட்னியையும் சேர்த்து இழுத்துரும். அம்மைன்னு நெனச்சு அதே மாத்திரைய குடுத்துட்டே இருக்கறதுதான் இங்க பெரிய ஆபத்து. அதுக்காக நீங்களா நிறுத்திட்டு வீட்லயே இருந்தா ஃபிட்ஸ் வரலாம், அதனால அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, வேற மாத்திரை மாத்தி தருவாங்க.

மாமியாருக்கு இந்த மாதிரி உரியுது. குழந்தைங்களுக்கு ஒட்டுமா?

சொரியாசிஸ், எக்ஸிமா, மருந்து அலர்ஜி எதுவுமே ஒட்டாது, தட்ட தனியா வைக்கற வேலையெல்லாம் வேணாம். ஒரே ஒரு விதிவிலக்கு, படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு சில நேரம் கெட்டியா பொருக்கு கட்டி வர்ற சொறி சிரங்கு. அது வீட்டுக்கே பரவும், அத மட்டும் டாக்டர்கிட்ட பாத்து உறுதி பண்ணிக்கோங்க.

உடம்பு பூரா சிவந்ததுக்கு பயாப்சி (தோல்ல சின்ன துண்டு எடுத்து பாக்கற டெஸ்ட்) ரெண்டு தடவை எடுத்தும் காரணம் சொல்லல, மறுபடி கேக்கறாங்க. காசு புடுங்கறாங்களா?

இல்லங்க. உடம்பு மொத்தமும் சிவந்திருக்கப்ப மைக்ராஸ்கோப்ல பல நேரம் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். தோல்ல வர்ற லிம்போமாங்கற ஒரு வகை கேன்சரும் இப்படி ஒளிஞ்சிருக்கலாம், அதனால மறுபடி எடுக்கறது நியாயம்தான். சிலருக்கு கடைசி வரை காரணம் கிடைக்கறதே இல்ல.

சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருக்காங்க, தினமும் ஒன்னா?

ஐயோ, தினமும் இல்ல! வாரத்துக்கு ஒரே நாள். எந்த கிழமைன்னு சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க, தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து.