அந்தப் புத்தகம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வெள்ளிதோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இருவர் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் மாத நாவல்கள், காமிக்ஸ், பேய்க்கதைகள். சென்ற வாரம் ஒரு மாணவி ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி உற்சாகமாகப் பேசினாள். ‘இதில் நீ கற்ற நீதி என்ன?’ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பாதியிலேயே இறங்கிவிட்டாள். மாணவர்கள் பரிந்துரைக்கத் தகுந்த 25 நூல்களின் பட்டியல் தர முடியுமா? கைப்பேசி வந்தபின் வாசிப்பு அழிந்துவிடுமா?

— ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கைப்பேசியை விட்டுவிடுவோம், அதைப் பற்றிப் போதுமான அளவு பேசியாயிற்று. பட்டியலும் தரப்போவதில்லை. நான் எழுதிக்கொடுத்து அவர்கள் ஒப்பித்தால் அது என் பரிந்துரை. காமிக்ஸ் படிக்கிற பிள்ளை படிக்கிறது, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் கேட்ட கேள்விதான் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. பள்ளி முழுவதும் வரிசையில் நிற்க, ஒரு பதினாறு வயதுப் பெண் தனக்குப் பிடித்ததை வாய்விட்டுச் சொல்கிறாள். அவளிடம் நீதி கேட்டிருக்கிறீர்கள். தன் தோழியைப் பற்றி ஆசையாகச் சொல்கிறவளிடம், அவளால் உனக்கு என்ன ஆதாயம் என்று கேட்பீர்களா? கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘இதை யாருக்குக் கொடுப்பாய்?’ என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில்லாத ஒரு நாவல் கையில் அகப்பட்டது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வகுப்பில் யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் இந்தப் புத்தகத்தை நீட்டி, “இதில் வருகிறவனும் உன்னைப் போலத்தான்டா, பேசமாட்டான்” என்றான். முதல் ஃபாரம், அதாவது சேர்த்துத் தைத்த முதல் பக்கக் கட்டு, கழன்று போயிருந்தது. 17ஆம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து கதை தொடங்கியது. காணாமல் போன 16 பக்கங்களையும் பஸ் நிறுத்தம் வரை நடந்துகொண்டே அவன் சொன்னான். பல வருடங்கள் கழித்துப் பழைய புத்தகக் கடையில் முழுப் பிரதி கிடைத்தது. அவன் சொன்ன எதுவும் அந்தப் பக்கங்களில் இல்லை. எனக்காக இட்டுக்கட்டியிருக்கிறான். அவன் சொன்ன கதையில் அந்தப் பையனின் அம்மா குணமாகி வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அதனால்தான் வாசகரே தொட்டுப் புரட்டி எடுக்கும்படி அடுக்குகளைத் திறந்துவைக்கச் சொன்னார். நாமோ, ஒன்று தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்று பயந்து, எத்தனையோ பள்ளிகளில் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். திறந்த அடுக்குக்கும் எட்டாத ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த வாரம் பேசாமல் இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் எங்கே தெரிகிறது?

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, யாரை நினைத்துக்கொண்டு அந்த நாவலைப் பற்றிப் பேச வந்தாள் என்று கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் பள்ளியிலும் பீரோ பூட்டியிருந்தால், ஒரு மதியம் சாவியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். தொலைகிற புத்தகங்களின் பெயர்களை எனக்கு எழுதுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.