டிஸ்கவரி போன்ற ஆவணப்பட நிறுவனம் வார்னரையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது எப்படி?

என் பாட்டிக்கு டிஸ்கவரி என்ற பெயர் வாயில் நுழையாது. "அந்தப் பையன் இன்றைக்கு என்னத்தைத் தின்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார். காட்டில் தனியாக உயிர்பிழைப்பது எப்படி என்று காட்டும் பியர் கிரில்ஸ் ஒரு புழுவைக் கடித்து, அதில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று தமிழில் விளக்குவார். பாட்டி முகத்தைச் சுளிப்பார், எழுந்து மட்டும் போகமாட்டார். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தத் தமிழ்க் குரலில் இருக்கிறது.

நாடகத்தொடரை வேற்று மொழிக்குக் கொண்டுபோனால் வாயசைவு ஒட்டாது, நகைச்சுவை எடுபடாது. சுறாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. விவரணையை மொழிபெயர்த்து, கேட்கும்படியான ஒரு குரலைப் பிடித்துவிட்டால் அதே படம் மதுரையிலும் ஓடும், வார்சாவிலும் ஓடும். நட்சத்திரச் சம்பளம் கிடையாது. பத்து வருடம் கழித்து மறுபடி போட்டாலும் சிங்கம் பழசாகத் தெரியாது.

ஜான் ஹென்ட்ரிக்ஸ் 1985 ஜூன் 17 அன்று அமெரிக்காவில் இந்தச் சேனலைத் தொடங்கியபோது, அது தெரிந்தது 1,56,000 வீடுகளில்தான். அடுத்த ஆண்டே பணமுடை. கைகொடுத்தவை டிசிஐ, காக்ஸ் போன்ற கேபிள் நிறுவனங்கள். தர்மத்துக்குச் செய்யவில்லை, வீடு வீடாகக் கம்பி இழுத்தாயிற்று, அதில் ஓடச் சரக்கு வேண்டுமே! பங்குகளும் அவர்களிடம், பார்வையாளர்களின் வீடுகளும் அவர்களிடம். டிசிஐயின் தலைவர் ஜான் மலோனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் டிஎல்சியை வாங்கினார்கள். கல்விக்கென்று நாசாவின் பங்களிப்போடு பிறந்த சேனல் அது. பிற்பாடு மணப்பெண்கள் கல்யாண உடை தேடுவதைக் காட்டியது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் கல்லா நிரம்பியது. டேவிட் ஜாஸ்லவ் 2007-இல் தலைமைக்கு வந்தபின் அந்தப் போக்கு இன்னும் வேகமெடுத்தது. 2018-இல் ஸ்கிரிப்ஸ் என்ற சேனல் நிறுவனத்தை வாங்கியதில் சமையலும் வீடு புதுப்பித்தலும் சேர்ந்துகொண்டன.

அதே 2018-இல் ஏடி அண்டு டி என்ற தொலைபேசி நிறுவனம் சுமார் 8,500 கோடி டாலருக்கு வார்னர் சினிமா நிறுவனமும் எச்பிஓ, சிஎன்என் சேனல்களும் அடங்கிய டைம் வார்னரை வாங்கியிருந்தது. மூன்றே ஆண்டில் கடன் கழுத்தை நெரிக்க, வார்னரைக் கழற்றிவிட வழி தேடியது. 2021 மே மாதம் வார்னரை டிஸ்கவரியோடு இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2022 ஏப்ரல் 8 அன்று முடிந்தது.

"விழுங்கியது" என்பது பாதிதான் சரி. புதிய நிறுவனத்தில் 71 சதவீதம் ஏடி அண்டு டி பங்குதாரர்களுக்குப் போனது. வரி கட்டாமல் வார்னரைப் பிரித்துக்கொடுக்க வேண்டுமானால், அவர்களிடம் பாதிக்கு மேல் இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மலோனும் டிஸ்கவரியில் தமக்கிருந்த கூடுதல் வாக்குரிமைப் பங்குகளை விட்டுக்கொடுத்தார். நாற்காலி மட்டும் ஜாஸ்லவுக்கு. கூடவே 5,000 கோடி டாலருக்கு மேல் கடன்.

பிறகு கத்தரி விழுந்தது. சிஎன்என் தொடங்கியிருந்த இணையச் சேவை ஒரே மாதத்தில் மூடப்பட்டது. ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு படத்தையே வெளியிடாமல் வரிக்கணக்கில் கழித்தார்கள். சிக்கனம் புரிகிறது, பெயர் விவகாரம்தான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த எச்பிஓ என்ற பெயரை 2023-இல் தங்கள் செயலியிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் 'மேக்ஸ்' என்று வைத்தார்கள். 2025-இல் அதையே திரும்ப ஒட்டினார்கள்.