தேசிக்காய் பிழிந்து பாருங்கள்: திரவ சவர்க்காரக் கேள்விகள்

ஹட்டனில் "இயற்கை" என்று எழுதிய போத்தல் ஒன்று வாங்கினேன். அசல் சவர்க்காரம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். ஒரு கிளாசில் கால்வாசி தண்ணீர் எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத்தைக் கலக்குங்கள். அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். எண்ணெயையும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் சேர்த்துக் காய்ச்சிய அசல் என்றால், தெளிந்திருந்த தண்ணீர் கண் முன்னே பாலாக வெளுக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதக்கும். தேசிப்புளி சவர்க்காரத்தை உடைத்து, உள்ளே இருந்த கொழுப்பமிலத்தைப் பிரித்துவிடுகிறது. தெளிவாகவே நின்றால் பெரும்பாலும் அது டிட்டர்ஜன்ட் வகை. அதுவும் அழுக்கைப் போக்கும்தான், கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய் காய்ச்சிச் செய்த சாமானின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

தண்ணியாக ஓடுகிறதே, கலப்படமா?

இல்லை. அசல் சவர்க்காரம் தண்ணியாகத்தான் இருக்கும். கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்று நம்மைப் பழக்கியது டிட்டர்ஜன்ட். அதில் பலவற்றை உப்புப் போட்டே தடிப்பாக்குகிறார்கள்.

மகளை யாழ்ப்பாணத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இங்கிருந்து அனுப்பும் சவர்க்காரம் அங்கே நுரைப்பதே இல்லையாம். வாளியில் வெள்ளையாகப் படிகிறதாம்.

சவர்க்காரத்தில் பிழை இல்லை அம்மா, தண்ணீர்தான் வேறு. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துக் கரையாத படிவாக்கிவிடும். நம் மலைநாட்டுப் பீலித் தண்ணீர் பெரும்பாலும் கல்சியம் குறைந்த மென்னீர், இரண்டு சொட்டிலேயே நுரைத்துவிடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தலைக்கும் முகத்துக்கும் பாவிக்கச் சொல்லுங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் அங்கே டிட்டர்ஜன்ட்தான் கைகொடுக்கும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொழுந்து எடுக்கிற கை. இதைப் போட்டுக் கழுவினால் விரலில் கறை இன்னும் கறுக்கிறது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். பெருவிரல் ஓரத்து வெடிப்புக்குள் ஓடிய கறுப்புக் கோடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் போகாது. தேயிலைச் சாறு காற்றுப் பட்டாலே கறுக்கும், புளிப்புக்கு எதிரான காரம் பட்டால் இன்னும் கறுக்கும். எவ்வளவு நல்ல எண்ணெயில் செய்தாலும் சவர்க்காரம் காரம்தான், புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அதற்கு 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பிழிந்த தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்த்து வெறும் தண்ணீரில் அலசுங்கள், பிறகு சவர்க்காரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், மேலே சொன்ன கிளாசில் நடந்ததுதான் கையிலும் நடக்கும். தோல் வெடித்த இடத்தில் மட்டும் தேசிக்காய் வேண்டாம், எரியும். அங்கே இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள்.

நுவரெலியாவில் காலையில் போத்தல் கலங்கிப்போய் இருக்கிறது. கெட்டுவிட்டதா?

குளிர்தான் காரணம். பாம் எண்ணெய் போன்றவை கூடுதலாகச் சேர்த்திருந்தால் குளிரில் கலங்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் போத்தலைக் கொஞ்ச நேரம் வையுங்கள், தெளிந்துவிடும். நாற்றம் மாறியிருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

கம்பளி ஸ்வெட்டருக்குப் போடலாமா?

வேண்டாம். காரம் கம்பளியைக் கெடுக்கும்.

வீட்டிலேயே காய்ச்சலாமா?

காய்ச்சலாம், பயத்தோடு. பொற்றாசியம் ஐதரொட்சைட்டைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டியை அது அரித்துவிடும், எவர்சில்வர் எடுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடவே கூடாது. லயத்துக் காம்பிராவில் அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிற வீடு என்றால் கெஞ்சிக் கேட்கிறேன், வாங்கியே பாவியுங்கள்.

ரோஜாச் செடியில் அசுவினி மொய்க்கிறது. இதை அடிக்கலாமா?

தாராளமாக. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். முதலில் ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பாருங்கள், இலை கருகாவிட்டால் மற்றதற்கும் அடியுங்கள். வெயில் தாழ்ந்த பின்னேரம் நல்லது. பூச்சியின் உடம்பில் பட்டால்தான் சாகும். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அசுவினி இலையின் அடிப்பக்கத்தில் ஒண்டியிருக்கும், அதனால் இலையைத் திருப்பிப் பிடித்து அடியுங்கள்.