பொருளாதாரம் தளரும்போது காப்புரிமை என்னவாகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு நாட்டின் பொருளாதாரம் சரிந்தால் காப்புரிமை விண்ணப்பங்களும் சரியும் என்று வகுப்பில் படித்தோம். ஆனால் கொரோனா ஆண்டில் உலக அளவில் விண்ணப்பங்கள் உயர்ந்தன என்று செய்தி வந்ததே, எதை நம்புவது?
– பொருளியல் மாணவி, திருச்சி

பதில்: இரண்டுமே உண்மைதான். பேடன்ட் எனப்படும் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது ஒரு செலவு. அந்தச் செலவைச் செய்பவரின் கையில் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே விண்ணப்பம் கூடுகிறது, குறைகிறது. நாட்டின் மொத்த உற்பத்தி எவ்வளவு குறைந்தது என்பதைவிட, நெருக்கடி யாருடைய பணப்பையில் கைவைத்தது என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் 1929இல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த காப்புரிமை விண்ணப்பங்கள், பெருமந்தம் முற்றிய 1933இல் 57,000க்கும் கீழே இறங்கின. இதைக்கொண்டு அமெரிக்கர்களின் மூளை மழுங்கிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நைலான் கண்டுபிடிக்கப்பட்டது அதே மந்தத்தின் நடுவில், 1935இல்தான். ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தும் அளவுக்கு டூபான்ட் நிறுவனத்திடம் பணம் இருந்தது, தனித்து உழைத்த பல கண்டுபிடிப்பாளர்களிடம் இல்லை.

இன்னும் தெளிவான சான்று தென் கொரியா. 1997 நவம்பரில் அந்நாடு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. அந்த ஆண்டு அதன் காப்புரிமை அலுவலகத்துக்கு 92,000க்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்திருந்தன. அடுத்த ஆண்டில் அது சுமார் 75,000 ஆனது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆண்டில் காணாமற்போனது. கொரியாவின் விண்ணப்பங்களில் பெரும்பகுதி ஒருசில பெரிய தொழிற்குழுமங்களிடமிருந்து வந்தது என்பதால், அக்குழுமங்கள் செலவுக்கணக்கைத் திருத்தியவுடன் நாட்டின் கணக்கே திருந்திவிட்டது. போதாக்குறைக்கு, அதுவரை டாலருக்கு 900 வொன் அளவில் இருந்த நாணய மதிப்பு 1997 டிசம்பரில் 2,000 வொன்னை நெருங்கும் அளவுக்கு வீழ்ந்தது. வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் செலவு சொந்த நாணயத்தில் இரு மடங்கானது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. இவ்வளவு விரைவாக மீண்டதைப் பார்த்தால், 1998இல் குறைந்தது கண்டுபிடிப்பு அல்ல, விண்ணப்பிக்கும் மனமும் பணமும்தான் என்றே நான் கருதுகிறேன்.

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வேறொரு பாடம் சொன்னது. ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் உரிமை கோர உதவுவது பி.சி.டி. எனப்படும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை. அதன் வழியாக வரும் பன்னாட்டு விண்ணப்பங்கள், அந்த ஏற்பாடு தொடங்கிய 1978க்குப் பிறகு முதன்முறையாக 2009இல் குறைந்தன. வீழ்ச்சி சுமார் 4.5 விழுக்காடு. அமெரிக்காவிலிருந்து சென்ற பன்னாட்டு விண்ணப்பங்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தன, ஆனால் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்தவை கிட்டத்தட்ட முந்தைய ஆண்டின் அளவிலேயே, 4.56 லட்சத்தில் நின்றன. உள்நாட்டில் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டு வெளிநாட்டுச் செலவை வெட்டியிருக்கிறார்கள். ஜப்பானியர்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள். அங்கே உள்நாட்டு அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 3.91 லட்சத்திலிருந்து 3.49 லட்சத்துக்கு இறங்கின. பன்னாட்டு விண்ணப்பங்களோ சற்றே உயர்ந்தன. உள்ளூரில் கட்டுக்கட்டாக விண்ணப்பிக்கும் பழைய வழக்கத்தை ஜப்பானிய நிறுவனங்கள் ஏற்கெனவே குறைத்துக்கொண்டு வந்தன. நெருக்கடி அதை விரைவுபடுத்தியது, அவ்வளவே. அதே ஆண்டில் சீனாவின் பன்னாட்டு விண்ணப்பங்கள் 30 விழுக்காடு அளவுக்குக் கூடின. ஒரே நெருக்கடிக்கு மூன்று நாடுகள் மூன்று விதமாக நடந்துகொண்டன என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

கொரோனா ஆண்டான 2020இல் உலகளவில் காப்புரிமை விண்ணப்பங்கள் 1.6 விழுக்காடு உயர்ந்தன. அதிகம் விண்ணப்பிக்கும் கணினி, தகவல்தொடர்பு, மருந்து ஆகிய துறைகள் அந்த ஆண்டில் நொடித்துப்போகவில்லை. நொடித்துப்போன உணவகங்களும் விடுதிகளும் போக்குவரத்தும் காப்புரிமை அலுவலகத்தின் பக்கம் அதிகம் போகிறவை அல்ல. மேலும், 2020இல் தாக்கலான கண்டுபிடிப்புகளில் பலவற்றுக்கான ஆய்வு முந்தைய ஆண்டுகளிலேயே முடிந்திருந்தது.

கேள்வி: ஊரடங்கில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அப்படியிருக்க, டிரேட்மார்க் விண்ணப்பங்கள் மட்டும் எப்படிக் கூடின?
– ஆயத்த ஆடை விற்பனையாளர், திருப்பூர்

பதில்: கடைகள் பூட்டியதால்தான் கூடின. டிரேட்மார்க் எனப்படும் வணிகக்குறி, புதிய தொழில் தொடங்குவோரின் முதற்செலவுகளில் ஒன்று. அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆய்வு தேவையில்லை, ஒரு பெயரும் ஒரு சரக்கும் போதும். அதனால் பொருளாதாரத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் காப்புரிமையைவிட வணிகக்குறியில்தான் உடனே தெரியும். 2020இல் வேலையிழந்தவர்களும் கடையை இணையத்துக்கு மாற்றியவர்களும் புதிய பெயர்களைப் பதிய வந்தார்கள். உலகளவில் வணிகக்குறி விண்ணப்பங்கள் அந்த ஆண்டில் 13 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தன. இந்தியாவில் 2019–20இல் சுமார் 3.3 லட்சமாக இருந்தவை, நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கிய 2020–21இல் 4.3 லட்சமாயின. அமேசான் போன்ற தளங்கள் தங்கள் பிராண்டுப் பதிவேட்டில் சேர வணிகக்குறி கேட்பதும் இதற்கு ஒரு காரணம். இந்த அலை நெடுநாள் நீடிக்கவில்லை. 2022இல் உலக எண்ணிக்கை மீண்டும் கணிசமாக இறங்கியது.

கேள்வி: இந்தியாவில் காப்புரிமை விண்ணப்பங்கள் பத்தாண்டில் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன. இதை நம் பொருளாதார வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஓரளவுக்குத்தான். 2013–14இல் சுமார் 43,000, 2023–24இல் 92,000. எண்ணிக்கை மெய்தான், ஆனால் பொருளாதார வளர்ச்சி ஆய்வுச்செலவாக மாறி, ஆய்வுச்செலவு விண்ணப்பமாக மாறியது என்று எளிதாகக் கோடு போட்டுவிட முடியாது. ஏனென்றால் நடுவில் இருக்கும் கண்ணி நகரவே இல்லை: ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் நாம் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.7 விழுக்காட்டைக்கூட எட்டாமல் கிடக்கிறது. தென் கொரியா ஏறத்தாழ 5 விழுக்காடு செலவிடுகிறது.

அப்படியானால் எதனால் கூடியது? கட்டணக் குறைப்பு ஒரு பெரிய காரணம். இணையவழி விண்ணப்பத்துக்குப் பெரிய நிறுவனம் 8,000 ரூபாய் கட்டும் இடத்தில் தனிநபரும் ஸ்டார்ட்அப் நிறுவனமும் சிறு தொழிலும் 1,600 ரூபாய் கட்டினால் போதும்; 2021இல் கல்வி நிறுவனங்களுக்கும் இதே 80 விழுக்காட்டுச் சலுகை வந்தது. ஸ்டார்ட்அப்களுக்கு உதவும் வல்லுநர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் 2016 முதல் நடக்கிறது. இவையெல்லாம் நல்லவை என்றே சொல்வேன். ஆனால் கல்வி நிறுவனங்களை மத்திய அரசு வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழங்கப்பட்ட காப்புரிமை மட்டுமல்ல, காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட, ஆனால் இன்னும் உரிமை வழங்காத விண்ணப்பமும் அங்கே கணக்கில் சேர்வதால், வழக்கமான 18 மாதம் காத்திராமல் கூடுதல் கட்டணம் கட்டி முன்கூட்டியே வெளியிடச் செய்து, அத்துடன் மனநிறைவு அடைந்துவிடும் கல்லூரிகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு விண்ணப்பங்களில் முன்னணிக்கு வந்ததைப் பாராட்டும்போது, நம் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கையையும் நினைவில் கொள்வது நல்லது.

இந்த வழியில் சீனா நமக்கு முன்பே நெடுந்தொலைவு போய்ப் பார்த்துவிட்டது. அங்கே மாகாண, நகர அரசுகள் விண்ணப்பத்துக்கே மானியம் கொடுத்தன. 2011இல் சீன அலுவலகம் விண்ணப்ப எண்ணிக்கையில் அமெரிக்காவைத் தாண்டியது. 2019இல் பன்னாட்டு விண்ணப்பங்களிலும் சீனா முதலிடம் பிடித்தது. இதில் மெய்யான ஆய்வு எவ்வளவோ இருக்கிறது, மானியத்துக்காகவே எழுதப்பட்ட தாள்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க முடியாமற்போகவே, விண்ணப்ப நிலையில் தரும் மானியங்களை 2021இல் நிறுத்தவும், மற்ற மானியங்களையும் 2025க்குள் படிப்படியாக விலக்கவும் அந்நாட்டுக் காப்புரிமை நிர்வாகம் உத்தரவிட்டது.

ஆகவே எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்பதை விட்டு, காப்புரிமை பெற்றவர்களில் எத்தனை பேர் ஏழாம் ஆண்டிலும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பயன் தராத ஒன்றுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட யாருக்கும் மனம் வராது.

கேள்வி: காப்புரிமை அதிகமானால் நாடு பணக்கார நாடாகும் என்பது சரிதானா?
– வாசகர், சேலம்

பதில்: அப்படி ஒரு விதி இல்லை. நெதர்லாந்து 1869 முதல் 1912 வரை காப்புரிமைச் சட்டமே இல்லாமல் இருந்தது, ஏழையாகிவிடவில்லை. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரையில், நம் மருந்துத் தொழில் வளர்ந்து உலகச் சந்தைக்குப் போனது.

கேள்வி: ஆர்டர் குறைந்து கையில் பணம் இறுக்கமாக இருக்கிறது. இந்த நேரத்தில் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பம்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். இப்போதே விண்ணப்பிப்பதா, நிலைமை சீரான பிறகு பார்ப்பதா?
– பம்புசெட் உற்பத்தியாளர், கோவை

பதில்: இப்போதே விண்ணப்பியுங்கள், ஆனால் எல்லாச் செலவையும் இப்போதே செய்ய வேண்டாம். முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை என்பதால், காத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தினாலும் உரிமையை இழக்கச் செய்யலாம். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் இருந்தால் தற்காலிக விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பை எழுதித் தரும் காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாத அவகாசம் கிடைக்கும். விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிப்பதற்கான கோரிக்கையை முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து, 31 மாதங்களுக்குள் கொடுத்தால் போதும். பி.சி.டி. வழியில் போனால், ஒவ்வொரு வெளிநாட்டிலும் தனித்தனியே செலவு செய்யும் கட்டத்தைப் பெரும்பாலும் 30 மாதம் வரை தள்ளலாம். அதற்குள் ஏற்றுமதி ஆர்டர் வருமா, ரூபாயின் மதிப்பு எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விண்ணப்ப எண் கைக்கு வரும் முன்பு அந்தப் பம்பை விற்கவோ கொடிசியா கண்காட்சியில் வைக்கவோ கூடாது. அரசு தனியாக அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே சட்டத்தில் விலக்கு உண்டு.