தீக்காக்கை – கடிதம்

வணக்கம் ஐயா,

ஆனைமலை டாப்ஸ்லிப்புக்கு இரண்டு முறை போயும் தீக்காக்கை (Malabar Trogon) என்ற காட்டுப் பறவை கண்ணில் படவில்லை. ஏற்காட்டு காபித் தோட்டங்களில் தேடலாமா? 400 மி.மீ. லென்ஸ் போதுமா, 600 வேண்டுமா? அடுத்த முறை அதன் குரலை மொபைலில் போட்டுக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.

கா., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கா.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

லென்ஸைக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஏற்காட்டை நம்ப வேண்டாம், ஆனைமலைக்கே போங்கள். சலிக்காமல் மூன்றாவது முறை கிளம்புகிறீர்களே, அந்த ஆசை வாழ்க.

தீக்காக்கையைப் பார்க்காமலே அதைக் கடந்து நடந்திருப்பீர்கள். ஆணின் வயிறு செக்கச்செவேல், முதுகோ பழுப்பு. ஆளரவம் கேட்டால் முதுகைத் திருப்பி, தோளைக் குறுக்கி, அசையாமல் இருந்துவிடும். ஆகவே நடக்காதீர்கள். விடிந்த கையோடு, வழிகாட்டி காட்டும் இடத்தில் மரத்தில் சாய்ந்து முக்கால் மணி நேரம் உட்காருங்கள். உச்சாணியை விட்டுவிட்டு அதற்குக் கீழே, இலை குறைந்த குறுக்குக் கிளைகளைப் பாருங்கள். முதலில் வெறுங்கண், அசைவு தெரிந்த பிறகுதான் 8×42 பைனாகுலர். துடுப்புவால் கரிச்சான், சிலம்பன் போன்ற பறவைகள் கூட்டமாக இரைதேடி வந்தால் எழுந்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தோடு தீக்காக்கையும் பூச்சி பிடிக்க வரும். பறந்தாலும் துரத்த வேண்டாம், பக்கத்துக் கிளையில்தான் போய் அமரும்.

இனி மொபைல். உங்களுக்கு அது பாட்டு. ஆண் பறவைக்கோ, தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்ற செய்தி. இரையை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை அலையும். நீங்கள் ஒருமுறைதான் போடுவீர்கள், சரி. காலையில் வந்த குழுவும் போட்டிருக்கும், மாலையில் வருபவர்களும் போடுவார்கள், அதே வளைவில், அதே பறவைக்கு. நல்ல இடம் என்று பெயர் வாங்கிய இடங்களுக்கெல்லாம் இதுதான் கதி. ஒரு படத்துக்காக இதைச் செய்ய உங்களுக்கு மனம் வருமா? பிப்ரவரி முதல் மே வரை இனப்பெருக்கக் காலம் வேறு. மட்கிய மரக்குற்றியைக் குடைந்து பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும். அடைகாக்கும் பறவை எழுந்து வந்தால் முட்டைக்குக் காவல் ஏது? கூட்டைத் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கணக்கிடுகிறது.

வழிகாட்டி தானாகவே குரலைப் போட்டுக் காட்ட முன்வந்தாலும் “வேண்டாம் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். பணம் தருபவர் நீங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவரும் போட மாட்டார்.