பெண் பன்றி பருவத்துக்கு வரவில்லை: தீனியைக் கூட்டலாமா?

கேள்வி: வெள்ளை யார்க்‌ஷயர் பெண் பன்றிகள் ஐந்து வளர்க்கிறேன். எட்டு மாதம் முடிந்தும் மூன்று இன்னும் பருவத்துக்கு வரவில்லை. ஓட்டல் கழிவும் மரவள்ளி திப்பியும்தான் (ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கை) தீனி. இதற்கு முந்தைய செட்டில் தலை ஈற்றில் ஐந்தாறு குட்டிகளே கிடைத்தன. தீனியைக் கூட்டினால் சரியாகுமா? (நாமக்கல் மாவட்ட விவசாயி)

பதில்: கூட்டத்தான் வேண்டும். ஆனால் எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதில்தான் குட்டி எண்ணிக்கை இருக்கிறது.

இந்த இனம் நன்றாக வளர்ந்தால் ஆறு, ஏழு மாதத்தில் முதல் பருவம் காட்டும். எரிசக்தி போதாவிட்டால் ரத்தத்தில் இன்சுலின் குறையும்; சினைமுட்டையை வளர்க்கும்படி மூளையிலிருந்து வரும் ஹார்மோனும் மந்தமாகும். பருவம் தள்ளிப்போகும், வந்தாலும் முட்டைகள் குறைவாகவே வெளிப்படும். முந்தைய செட்டில் குட்டி குறைந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கழிவு வாளி நிறைய இருந்தாலும் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு ஈடாக நான்கைந்து கிலோ கழிவு தின்ன வேண்டும். திப்பியில் மாவு உண்டு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் மக்காச்சோளம் 50, தவிடு 27, சோயா புண்ணாக்கு 20, தாது உப்புக் கலவை 2.5, உப்பு 0.5 கிலோ என்று கலந்து, ஒரு பன்றிக்குத் தினம் 2 முதல் 2.5 கிலோ கொடுங்கள். கழிவை மேல்தீனியாக மட்டும் வையுங்கள், அதையும் கொதிக்க வைத்தே போடுங்கள். பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் காய்ச்சல் அல்ல, பன்றிகளையே தாக்கும் வைரஸ் நோய்) வரும் வழிகளில் வேகவைக்காத எச்சிலும் ஒன்று.

முதல் பருவத்தில் ஆண் பன்றியோடு சேர்க்க வேண்டாம், தேதியை மட்டும் குறித்து வையுங்கள். ஒரு பருவத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 21 நாள். இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில், எடை 100 கிலோவாவது தொட்ட பிறகு சேர்க்கலாம். அந்தப் பருவத்துக்கு 10 முதல் 14 நாள் முன்பிருந்து தீவனத்தை 3 முதல் 3.5 கிலோவாக உயர்த்துங்கள். அதுவரை அளவாகத் தின்ற பன்றிக்கு இதனால் ஒன்றிரண்டு முட்டை கூடும். எப்போதும் வயிறு முட்டத் தின்றதற்கு இந்தக் கூடுதலால் பலன் இல்லை.

சேர்த்த அன்றே மறுபடி 2 கிலோவுக்கு வந்துவிடுங்கள். பலர் சினைதானே என்று அள்ளிப் போடுகிறார்கள். முதல் சில வாரங்களில் அதிகத் தீனி கரு தங்குவதைக் குறைக்கலாம். கொழுத்த பன்றிக்கு ஈனுவதும் சிரமம், ஈன்ற பிறகு தீனியும் சரியாக எடுக்காது, பால் குறையும். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: சற்று அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். பார்த்தாலே தெரிந்தால் மெலிவு, அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

இன்னொன்று, பத்து மாதம் தாண்டிய ஆண் பன்றியைத் தினமும் 15, 20 நிமிடம் இவற்றின் அருகே விடுங்கள். அதன் வாசனையே பருவத்தைத் தூண்டும், தீனியோடு இதுவும் சேர்ந்தால்தான் முழுப் பலன். பெண்ணுறுப்பு சிவந்து வீங்கி, முதுகில் கை வைத்து அழுத்தும்போது காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றால் அது பருவம். அப்படி நின்றதும் 12 மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை சேர்க்கலாம்.

இப்படிச் செய்தும் பத்து மாதம் வரை பருவம் காட்டாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பையில் கோளாறு இருந்தால் அந்தப் பன்றியை இறைச்சிக்குக் கொடுத்துவிடுவதே லாபம்.